சிவப்பு மையும் முட்டைப் பந்தும்

உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பிள்ளை பந்தாட்டத்தில் சூரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிற சனிக்கிழமை அவன் ஆடினால்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிண்ணம். ஆனால் ஒரு பாடத்தில் அவன் தேறவில்லை. தேறாதவன் திடலில் இறங்கக்கூடாது என்பது சட்டம். தாளைத் திருத்துகிற ஆசிரியர் கையில் சிவப்பு மைப் பேனா இருக்கிறது. அவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வீர்கள்?

அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். இதே கேள்வியை வைத்துக்கொண்டு அமெரிக்கர்கள் ஒரு பாட்டு நாடகம் போட்டு, பிறகு அதைப் படமாகவும் எடுத்து, ஆடிப் பாடிச் சிரித்துத் தீர்த்தார்கள். படத்தின் பெயர் 'குட் நியூஸ்'. நல்ல செய்தி என்று பொருள். 1930ஆம் ஆண்டில் எம்.ஜி.எம். கம்பெனி எடுத்த படம். (எம்.ஜி.ஆர். அல்ல! சிங்கம் தலையைத் திருப்பி உறுமுமே, அந்தக் கம்பெனி.) படங்கள் பேசத் தொடங்கி மூன்றே ஆண்டு ஆகியிருந்த காலம் அது.

நாடகம்தான் முதலில் வந்தது. 1927 செப்டம்பர் 6ஆம் நாள் நியூயார்க் நகரத்தில் பிராட்வே என்கிற நாடகத் தெருவில் அது மேடை ஏறியது. டி சில்வா, பிரவுன், ஹெண்டர்சன் என்ற மூவர் கூட்டணியின் பாட்டுகள். கொட்டகைக்குள் நுழையும்போதே கல்லூரிக்குள் நுழைந்தது போல் இருக்க வேண்டும் என்பதற்காக, வாத்தியக்காரர்கள் எல்லாரும் கல்லூரிப் பையன்களைப் போலக் கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு, கோஷம் போட்டுக்கொண்டே போய் உட்கார்ந்தார்களாம். 550 தடவைக்கு மேல் அந்த நாடகம் நடந்தது. அது தொடங்கிச் சரியாக ஒரு மாதத்தில், அக்டோபர் 6ஆம் நாள், 'ஜாஸ் சிங்கர்' என்ற படம் வெளியானது. அதில் நடிகர் திரையிலிருந்து பாடினார், நாலு வார்த்தை பேசினார். அத்தோடு ஊமைப் படத்தின் ஆயுள் எண்ணப்பட்டுவிட்டது.

படத்தின் கதையைச் சொல்கிறேன். பெரிய கதை இல்லை. டெய்ட் கல்லூரி என்று ஒரு கற்பனைக் கல்லூரி. அங்கே டாம் மார்லோ என்கிற இளைஞன் பந்தாட்டக் குழுவின் நட்சத்திரம். எதிர்க் கல்லூரியோடு நடக்கப்போகும் பெரிய ஆட்டத்துக்கு அவன் இல்லாமல் முடியாது. பையனுக்கோ வானவியல் பாடம் மண்டையில் ஏறவில்லை. நட்சத்திர ஆட்டக்காரனுக்கு நட்சத்திரங்களைப் பற்றித் தெரியவில்லை என்பதுதான் நகைச்சுவை. தேர்வில் தேற வேண்டுமென்றால் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். கோனி லேன் என்ற கெட்டிக்காரப் பெண் அந்தப் பொறுப்பை ஏற்கிறாள். புத்தகத்தை விரித்து வைத்து வால் நட்சத்திரம் எது, கிரகம் எது என்று அவள் சொல்லச் சொல்ல, பையனின் கண் புத்தகத்தில் நிற்கவில்லை. ஆனால் அவனுக்கு ஏற்கெனவே பேட் என்ற நாகரிகப் பெண்ணோடு பேச்சு இருக்கிறது. கோனி மனத்துக்குள் வைத்துக்கொண்டு மறுகுகிறாள். இன்னொரு பக்கம் பேப் என்ற வாயாடிப் பெண், குழுவில் சும்மா உட்கார்ந்திருக்கும் பாபி என்ற பையனைத் துரத்துகிறாள். அவளை முன்பு விரும்பிய முரட்டு ஆட்டக்காரன் ஒருவன் பாபியின் எலும்பை முறிக்க அலைகிறான். நடுநடுவே பாட்டு, ஆட்டம், கோஷம்.

இந்த இடத்தில் ஒன்றை விளக்கிவிட வேண்டும். அமெரிக்கர் 'புட்பால்' என்றால் நம் பிள்ளைகள் திடலில் ஆடும் காற்பந்து என்று எண்ணிவிடாதீர்கள். அவர்கள் பந்து உருண்டையாக இருக்காது. முட்டை மாதிரி, இரண்டு முனையும் கூராக இருக்கும். காலால் உதைப்பது குறைவு. கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருப்பவனை எதிராளிகள் பாய்ந்து கீழே தள்ள வேண்டும். நான்கு முயற்சிக்குள் பத்து கஜ தூரமாவது முன்னேற வேண்டும், இல்லையேல் பந்து எதிரிக்குப் போய்விடும். கோட்டைக் கடந்து பந்தைக் கொண்டுபோனால் ஆறு புள்ளி. சடுகுடுவும் மல்யுத்தமும் சேர்ந்து ஒரு முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் எப்படி இருக்கும், அப்படி.

விளையாட்டு என்று பெயர்தானே தவிர, ஒரு காலத்தில் அது உயிரையே வாங்கியது. 1905ஆம் ஆண்டில் ஒரே பருவத்தில் ஏறத்தாழ 18 இளைஞர்கள் திடலில் அடிபட்டு இறந்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் கல்லூரிக்காரர்களைக் கூப்பிட்டு, இதைத் திருத்துங்கள் என்று சொல்லும்படி ஆனது. அதற்குப் பிறகுதான், 1906இல், பந்தை முன்பக்கமாக வீசி எறியலாம் என்ற விதி வந்தது. குவியலாக முட்டிமோதுவது அதனால் கொஞ்சம் குறைந்தது. 'குட் நியூஸ்' வந்த காலத்தில் தலையில் வெறும் தோல் தொப்பிதான். அதுவும் கட்டாயமில்லை. கல்லூரி ஆட்டத்தில் தலைக்கவசம் கட்டாயமானது 1939இல்தான்.

ஆனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1927இல் திறந்த திடலில் 70,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஒரு பெரிய பட்டணமே வந்து உட்கார்ந்து, அத்தனை பேரும் டிக்கெட் வாங்கினால் எவ்வளவு பணம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்புறம் அந்த வானவியல் பேராசிரியரின் சிவப்பு மைப் பேனா எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்று உங்களுக்கே புரியும். பயிற்சியாளர் ஒரு பக்கம், மாணவர் கூட்டம் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். எல்லார் கண்ணும் அந்த மனிதர் போடப்போகும் மார்க்கின் மேல்.

படத்தில் அதை வேடிக்கையாகக் காட்டுகிறார்கள். வெளியில் அது வேடிக்கையாக இல்லை. கார்னகி அறநிறுவனம் கல்லூரி கல்லூரியாகப் போய் விசாரித்து, 1929 அக்டோபரில் பெரிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது. விசாரித்த கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் ஆட்டக்காரர்களை ஆசை காட்டி இழுப்பதும், உதவிப் பணம் என்ற பெயரில் கூலி கொடுப்பதும் நடந்துவந்தது என்று அந்த அறிக்கை போட்டு உடைத்தது. பணமும் புகழும் அங்கே சேர்ந்துவிட்டன, படிப்பைப் பற்றிக் கேட்க ஆளில்லை. அறிக்கை வந்த அதே மாதத்தில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து விழுந்தது. அதனால் பத்திரிகைக்காரர்களின் பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

நான் இந்தக் கதையை எழுத எடுத்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. நானும் ஒரு தடவை அந்தப் பேனாவைப் பிடித்தவன். சில ஆண்டுகளுக்கு முன் என் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். பந்து அவன் காலில் பட்டால் பசை போட்டது போல் ஒட்டிக்கொள்ளும். கணக்கு வகுப்பிலோ ஜன்னல் வழியே திடலைப் பார்த்துக்கொண்டிருப்பான். மாவட்டப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நான் ஒரு சட்டம் போட்டேன். கணக்குச் சோதனையில் 40 எடுத்தால்தான் ஜெர்சி. யாரும் என்னைப் போடச் சொல்லவில்லை, நானாகப் போட்டது. அவன் எடுத்தது 37.

மூன்று மார்க். எங்காவது ஒரு வரியைப் பார்த்து அரை மார்க், ஒரு மார்க் என்று சேர்த்திருக்கலாம். நான் சேர்க்கவில்லை. பையன் ஆடவில்லை. எங்கள் பள்ளி முதல் ஆட்டத்திலேயே தோற்றது. கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, வெளியே போன பந்துகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான் அவன். மறுநாள் வெட்டுக்காட்டு உடுப்போடு அவன் தாயார் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "சார், அவனுக்கு இருக்கிறதே அந்தப் பந்து ஒண்ணுதான். அதையும் புடுங்கிட்டீங்களே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. நான் செய்தது தப்பா, சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்தப் பையன் இப்போது செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறான். வழியில் பார்த்தால் ஆர்னை ஒரு தட்டுத் தட்டி, "சார்!" என்று கையைக் காட்டிவிட்டுப் போவான்.

சரி, படத்துக்கு வருவோம்.

அந்தக் காலத்தில் ஒரு பேசும் படம் எடுப்பது எவ்வளவு பாடு என்பது நமக்குத் தெரியாது. காமிராவின் இரைச்சல் ஒலிவாங்கியில் விழுந்துவிடும் என்பதற்காக, காமிராவையும் அதை இயக்குகிறவரையும் சத்தம் வெளியே வராத ஒரு கூண்டுக்குள் வைத்து அடைத்தார்கள். உள்ளே புழுக்கம் தாங்காது. கூண்டு நகராது. ஒலிவாங்கியைப் பூச்சாடிக்குள் ஒளித்து வைப்பார்கள். நடிகர் பூச்சாடிப் பக்கம் குனிந்துதான் காதல் பேச வேண்டும். இப்படி இருந்தால் ஐம்பது பேர் குதித்து ஆடும் ஆட்டத்தை எப்படி எடுப்பது? எம்.ஜி.எம். கம்பெனிக்கு 1929இல் அதற்கு ஒரு வழி கிடைத்தது. 'பிராட்வே மெலடி' என்ற படத்தில் ஓர் ஆட்டக் காட்சி சரியாக அமையவில்லை. பாட்டு நன்றாகத்தானே பதிவாகியிருக்கிறது, அதை ஓடவிட்டு ஆட்டத்தை மட்டும் மறுபடி எடுத்தால் என்ன என்று யோசித்தார்கள். அப்படியே செய்தார்கள். பாட்டை முன்னதாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, பிறகு அதற்கு வாயசைத்து ஆடுகிற வழக்கம் அதிலிருந்து வேர்பிடித்தது. இன்றைக்கு நாம் பார்க்கும் தமிழ்ப் படங்களின் பாட்டுக் காட்சி வரைக்கும் அதே முறைதான்.

அந்த 'பிராட்வே மெலடி' படத்தில் நடித்து ஆஸ்கார் பரிசுக்குப் பெயர் முன்மொழியப்பட்ட பெஸ்ஸி லவ் என்பவர்தான் 'குட் நியூஸ்' படத்தில் வாயாடிப் பேப். ஊமைப் படக் காலத்திலிருந்தே பெயர் பெற்றவர். பேச்சு வந்ததும் எத்தனையோ நட்சத்திரங்கள் காணாமல் போனார்கள், இவர் தாக்குப்பிடித்தார். மேடையில் கோனியாக நடித்த மேரி லாலர், படத்திலும் கோனியாக வந்தார். பாபியாக நடித்த கஸ் ஷையும் மேடையிலிருந்து வந்தவரே. டாமாக ஸ்டான்லி ஸ்மித். உண்மையைச் சொன்னால் கதாநாயகனையும் கதாநாயகியையும்விடப் பக்கத்தில் நிற்பவர்கள்தான் படத்தைத் தூக்கி நிறுத்துகிறார்கள். டோரதி மெக்நல்டி என்ற பெண் 'வார்சிட்டி டிராக்' என்னும் ஆட்டத்தை ஆடுவதைப் பார்த்தால், உடம்பில் எலும்பு இருக்கிறதா என்று சந்தேகம் வரும். குதிகாலைத் தரையில் அடித்து, கையை வீசி, கல்லூரி மாணவர் கூட்டமே ஆடும் ஆட்டம் அது. படம் வருமுன்பே அந்த நாட்டு இளைஞர்களைப் பிடித்து ஆட்டிய ஆட்டமும் கூட.

அந்தப் பெண் பிறகு தலைமுடிக்கு நிறம் மாற்றி, பெயரையும் பென்னி சிங்கிள்டன் என்று மாற்றிக்கொண்டு, 1938 முதல் 1950 வரை 'பிளாண்டி' என்ற குடும்பச் சிரிப்புப் படங்களில் இல்லத்தரசியாகப் புகழ் பெற்றார். பயிற்சியாளருக்குத் துணையாக வரும் கிளிஃப் எட்வர்ட்ஸ், 1940இல் வந்த 'பினோக்கியோ' கேலிச்சித்திரப் படத்தில் சிள்வண்டுக்குக் குரல் கொடுத்தவர். பொறாமை பிடித்த முரட்டு ஆட்டக்காரனாக வருபவர் டெல்மர் டேவ்ஸ். பின்னாளில் இவர் பெரிய இயக்குநராகி, பல கௌபாய்ப் படங்களை எடுத்தார். வானவியல் பேராசிரியராக வரும் பிராங்க் மெக்லின் என்ற உயரமான நடிகர், ஆபிரகாம் லிங்கன் வேடத்துக்கென்றே பெயர் வாங்கியவர். லிங்கனைப் போன்ற முகமுள்ளவரிடம் போய் மார்க்கைக் கூட்டிப் போடு என்று எப்படித்தான் கேட்பது!

இது மாதிரிப் படம் அப்போது இது ஒன்று மட்டும் இல்லை. 1925இல் ஹரால்டு லாயிடு 'ஃபிரெஷ்மன்' என்ற ஊமைப் படத்தில், ஆட்டமே தெரியாத பையனாக வந்து திடலில் வயிறு குலுங்க வைத்தார். 1930இல் வந்த 'மேபி இட்ஸ் லவ்' என்ற படத்தில் உண்மையான பந்தாட்ட வீரர்களையே கூட்டி வந்து நடிக்க வைத்தார்கள். கல்லூரித் தலைவரின் வேலை போய்விடாமல் இருக்க, அவர் மகள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நல்ல ஆட்டக்காரர்களை மயக்கிக் கல்லூரிக்கு இழுத்து வருகிறாள். கார்னகி அறிக்கை சொன்ன குற்றத்தையே கதையாக்கிச் சிரித்துவிட்டார்கள் பாருங்கள். 1932இல் மார்க்ஸ் சகோதரர்கள் 'ஹார்ஸ் ஃபெதர்ஸ்' எடுத்து, கல்லூரி, பந்து, பேராசிரியர் எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டினார்கள்.

'குட் நியூஸ்' வந்த நேரம் நல்ல நேரம் இல்லை. 1929இலும் 1930இலும் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு பாட்டுப் படங்களாகவே எடுத்துத் தள்ளின. ஜனங்களுக்குத் திகட்டிவிட்டது. எடுத்து முடித்த படங்களிலிருந்து பாட்டை வெட்டி எறிந்தார்கள். இது பாட்டுப் படம் அல்ல என்று விளம்பரம் செய்த கொட்டகைகளும் உண்டு. 1933இல் '42வது தெரு' என்ற படம் வந்த பிறகுதான் பாட்டுக்கு மறுபடி மவுசு வந்தது. அதற்கு நடுவில் பஞ்சம். வேலை போனவன் படத்துக்கு எப்படிப் போவான்?

அந்தப் பஞ்சம் நம் வாசலுக்கும் வந்தது. அமெரிக்கர் ஓட்டிய கார்களின் சக்கரத்துக்கு ரப்பர் எங்கிருந்து போயிற்று? பெரும்பங்கு மலாயாவிலிருந்துதான். உலகத்திலேயே அதிகமாக ரப்பர் வாங்கியது அமெரிக்கா, அதிகமாக விளைவித்தது மலாயா. அங்கே கார் விற்காமல் போனதும் இங்கே பால் விலை போகவில்லை. 1925இல் உச்சத்தில் இருந்த ரப்பர் விலை 1932இல் அதலபாதாளத்துக்கு விழுந்தது. 1930 முதல் 1932 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்தக் கதையைச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கல்லூரிப் பையன் காரில் உட்கார்ந்து காதல் பாட்டுப் பாடுகிற படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அந்தச் சக்கரத்துக்குத்தான் போகிறது. அது என் குறை.

படத்தின் கடைசிச் சுருளை மட்டும் வண்ணத்தில் எடுத்தார்கள். 'மல்டிகலர்' என்று ஒரு முறை. இரண்டே நிறங்களை வைத்துக்கொண்டு மற்ற நிறங்களை ஒப்பேற்றுவது. செம்மை ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம். முழு மஞ்சளும் நல்ல ஊதாவும் வராது. ஆனாலும் அது வரை கறுப்பு வெள்ளையில் ஓடிய படம் திடீரென்று நிறமாக மாறும்போது கொட்டகையில் மூச்சு நின்றிருக்கும். அந்தச் சுருள் இன்று இல்லை. இருக்கிற படம் கறுப்பு வெள்ளை மட்டும்தான், கடைசிச் சுருளுக்கு முன்னாலேயே சட்டென்று நின்றுவிடுகிறது. அந்தக் காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும், நாள்பட்டால் பொடியாகிவிடும். அமெரிக்காவின் ஊமைப் படங்களில் ஏறக்குறைய 70 விழுக்காடு அடியோடு தொலைந்துவிட்டன என்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நாம் மட்டும் என்ன வாழ்ந்தோம்! 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்'. அதில் ஒரு சுருள்கூட நம்மிடம் இல்லை.

முடிவைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 1947இல் அதே எம்.ஜி.எம். கம்பெனி கதையை மறுபடி முழு வண்ணத்தில் எடுத்தது. ஜூன் அலிசன் கோனியாகவும், பீட்டர் லாஃபோர்டு பந்தாட்டக்காரராகவும் நடித்தார்கள். இந்தத் தடவை வானவியல் போய், பையனுக்கு வராத பாடம் பிரெஞ்சு மொழி என்று மாறியது. வேடிக்கை என்னவென்றால், படத்தில் அந்தப் பெண் அவருக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறார். படப்பிடிப்பிலோ பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவர் லாஃபோர்டுதான், அவர்தான் அலிசனுக்கு உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்தார் என்பார்கள்.

போன மாதம் மழை பெய்து திடல் குளமாகிவிட்ட ஒரு நாள், உடற்கல்விப் பாடவேளையில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். பையன்கள் எல்லாரும் "யார் சார் ஜெயிச்சா?" என்று கத்தினார்கள். பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை கையைத் தூக்கி, "அந்தக் கோனி அக்கா எத்தனை மார்க்கு சார்?" என்று கேட்டது. அதற்குள் மணி அடித்துவிட்டது.